முதல் மரதன், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி: வன்னியிலிருந்து ஓடப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் முதல் தடவையாக மரதன் ஓடி, அதன்மூலம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். எங்களோடு ஓடவருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் இங்கே இருக்கின்றன. ஓட்டத்தைப் பற்றி மட்டும் அறிய வந்தவர்களும் தயவுசெய்து காசு பற்றிய கேள்விகளை வாசியுங்கள். எங்களுக்கு அதுதான் முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் மரதன் ஓடியிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் நடக்கும் மரதனும், வருடப்பிறப்புக்கு விளையாட்டுக் கழகங்கள் வைக்கும் மரதனும் பெரும்பாலும் சில கிலோமீற்றர்தான். முழு மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதையே எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். வவுனியா நகரிலிருந்து ஏ-9 வீதியால் மாங்குளம் சந்திவரை போனால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அடுத்தமுறை பஸ்ஸில் போகும்போது யன்னலால் பார்த்துக்கொண்டே போங்கள், தூரம் பிடிபடும். பள்ளிக்கூட மரதனையும் குறைவாக நினைக்கவேண்டாம். வெறுங்காலோடு அதை ஓடி முடித்தவர்கள் பலர் எங்களோடு பயிற்சிக்கு வந்து நன்றாக ஓடுகிறார்கள்.

எனக்கு வயது 45 தாண்டிவிட்டது. இனி முடியுமா?

முடியும். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைப் பலருக்கும் தெரியும். 2023-இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கிவந்தவர். வயதைச் சொல்லித் தயங்குகிற எல்லோரிடமும் நாங்கள் அவருடைய பெயரைத்தான் சொல்கிறோம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. 40 தாண்டியவர்களும், சலரோகம், பிரஷர், நெஞ்சுநோவு, மூச்சுமுட்டல் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் அவர்களும் பயிற்சி தொடங்கமுன் வைத்தியரைப் பார்க்கவேண்டும். பெண்கள் இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் சோதித்துப் பார்ப்பது நல்லது. எவ்வளவு ஓடினாலும் களைப்பு மாறவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு அதுவே காரணம். டெங்கு வந்து மாறியவர்கள் உடனே சப்பாத்தை மாட்டவேண்டாம். காய்ச்சலோடு ஒருபோதும் ஓடவேண்டாம்.

எவ்வளவு காலம் பயிற்சி தேவை?

நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடக்கூடியவருக்கு 16 தொடக்கம் 20 கிழமை. அதுவும் முடியாதவர்கள் முதலில் நடந்து, பிறகு நடையும் ஓட்டமுமாகப் போய், அந்த 5 கிலோமீற்றருக்கு வருவதற்கு இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமைக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். அதில் ஒருநாள் நெடுந்தூரம். மற்ற நாட்களில் குறைந்த தூரம், பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம். கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நெடுந்தூரத்தை ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். முதல் மரதனுக்கு 30 அல்லது 32 கிலோமீற்றர்வரை போய்ப் பழகினால் காணும். முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓடிப்பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு மூன்று கிழமை தூரத்தைக் குறைக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம் வந்து கூடுதலாக ஓட மனம் வரும். ஓடவேண்டாம்.

வயல் வேலை, மேசன் வேலை, கடல்தொழில் செய்பவர்கள் அந்த உழைப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். அரிவுவெட்டுக் காலத்தில் பகல் முழுக்க வயலில் நின்றுவிட்டு மறுநாள் 20 கிலோமீற்றர் ஓடச் சொல்லும் எந்த அட்டவணையும் உங்களுக்காக எழுதப்பட்டதல்ல.

வன்னியில் எங்கே ஓடுவது?

ஏ-9 வீதியில் தூரக் கற்கள் இருப்பதால் அளப்பதற்குச் சுகம். ஆனால் அங்கே டிப்பரும் இரவுப் பஸ்ஸும் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். விடியமுன் அந்த வீதியில் ஓடவேண்டாம். ஓடத்தான் வேண்டுமென்றால் வாகனம் எதிரே வரும் பக்கமாக, வெளிச்சத்தில் மின்னும் பட்டி கட்டிக்கொண்டு, காதில் ஒன்றும் மாட்டாமல் ஓடுங்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் இதே கவனம் தேவை.

எங்களுக்குப் பிடித்தவை குளக்கட்டுகளும் வாய்க்கால் ஓரக் கிறவல் வீதிகளும்தான். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரை என்று வன்னியில் எங்கு திரும்பினாலும் ஒரு குளம் இருக்கிறது. கிறவல் முழங்காலுக்கு இதம், காற்றும் வரும். மாரியில் குளம் வான் பாயும்போது மட்டும் அந்தப் பக்கம் போகவேண்டாம். தண்ணீர் குறுக்கே ஓடும் வீதியை, முழங்கால் அளவுதானே என்று நினைத்துக் கடக்கவேண்டாம்.

இனி, வேறு ஊர்ப் பயிற்சிப் புத்தகங்களில் இல்லாத விஷயம். வீதியை விட்டு இறங்காதீர்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்தாலும் எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும், சலம் கழிக்கக்கூட, புதுத்தடம் பிடித்துப் போகவேண்டாம். புறப்படமுன் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், நெடுந்தூரம் என்றால் வழியில் தெரிந்த வீடு, கோயில், கடை எது என்று பார்த்துப் பாதையைப் போடுங்கள். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கங்களில் யானை. விடியற்புறமும் பொழுதுபட்ட பிறகும் காட்டு வீதியில் ஓடாமல் இருப்பதுதான் ஒரே வழி. முதல்நாள் இரவு யானை வந்ததா என்று அந்த ஊர்ச்சனத்திடம் கேளுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது? தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

பங்குனியிலிருந்து புரட்டாதி வரை காலை ஏழு மணிக்கு முன் ஓட்டம் முடிந்திருக்கவேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடும். எவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போனது என்றே தெரியாது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் ஓடுவதற்கு நல்லவை. மழை பரவாயில்லை, இடி மின்னல் வந்தால் உள்ளே போய்விடுங்கள்.

தாகத்துக்குக் குடியுங்கள். மணிக்கணக்காக ஓடும்போது வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளையே விழுத்திவிடும். அதனால் நெடுந்தூரத்துக்கு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புக்கரைசலைப் பக்கெற்றில் சொன்ன அளவுக்குக் கரைத்தோ கொண்டுபோங்கள். தலைச்சுற்று, குளிர்நடுக்கம், கதை குழறுதல் வந்தால் அது வெயில் அடித்ததன் அறிகுறி. நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

என்ன சாப்பிடுவது?

வீட்டுச் சாப்பாடுதான். சோறு, புட்டு, இடியப்பம், பாண் எல்லாம் ஓடுவதற்கான சக்திதான். அதோடு பருப்பு, முட்டை, மீன், கீரை. சாதாரணமாக உடம்பில் சேமித்திருக்கும் மாச்சத்து 30 கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகும். அப்போது டீசல் முடிந்த லான்ட்மாஸ்டர் மாதிரி கால் அப்படியே நின்றுவிடும். அதைத் தவிர்க்க முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் ஏதாவது வாயில் போடவேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், பனங்கட்டித் துண்டு எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. கச்சான் ஓடி முடிந்த பிறகு. ஓட்டத்துக்கு நடுவில் அதன் எண்ணெய்த்தன்மை வயிற்றைப் பிரட்டும்.

சப்பாத்து?

இதில் மட்டும் காசு பார்க்கவேண்டாம். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும், பின்னேரம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். போட்டியன்று புதுச்சப்பாத்து, புதுக்காலுறை எதுவும் கூடாது. தொடையும் கக்கமும் உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள்.

பெண்பிள்ளைகள் ஓடினால் ஊர் என்ன சொல்லும்?

ஏதாவது சொல்லும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஓடினால் அதே வாய் "பிள்ளை, இண்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்கும். நாங்கள் பார்த்தது அப்படித்தான். ஆனாலும் தனியாக ஓடவேண்டாம். மூன்றுபேராவது சேருங்கள், சைக்கிளில் ஒரு தம்பியோ தங்கச்சியோ கூடவரட்டும், எந்த வழியால் போய் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எதைப் போட்டு ஓடுவது என்பது உங்கள் முடிவு. நீளக் காற்சட்டையும் கைவைத்த சட்டையும் போட்டு முழு மரதனும் ஓடலாம். பருத்தியைவிட மெல்லிய விளையாட்டுத் துணி வியர்வையைக் குறைவாகப் பிடிக்கும்.

எனக்கு ஒரு கால் செயற்கைக்கால். உடம்பில் ஷெல் துண்டும் இருக்கிறது. நான் பங்கெடுக்கலாமா?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பங்கெடுக்கலாம். ரெறி பொக்ஸ் என்ற கனடா இளைஞனின் வலது கால் எலும்புப் புற்றுநோயால் 1977-இல் எடுக்கப்பட்டது. 1980-இல் அவர் செயற்கைக்காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்ப்பதற்காக, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத்தொடங்கினார். ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரு மரதன் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடியபோது நோய் நுரையீரலில் வந்துவிட்டது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார். அவருடைய பெயரில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் நடக்கும் ஓட்டத்தில் கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகளின் பிள்ளைகளும் பள்ளிக்கூடங்களில் ஓடுகிறார்கள்.

நடைமுறைக்கு வருவோம். நடப்பதற்கென்று செய்த செயற்கைக்கால் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. அதைச் செய்து தந்தவர்களிடம் காட்டி, குதி, பொருத்து எல்லாம் சரிபார்த்து, குறைந்த தூரத்தில் தொடங்குங்கள். செயற்கைக்கால் பொருந்தும் மிச்சக் காலில் தோல் சிவந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், புண்ணாக விடவேண்டாம். ஷெல் துண்டு உள்ளவர்கள் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தியரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். நோவைத் தாங்குவதற்கு டைக்ளோபெனக், புரூபன் போன்ற குளிசைகளைப் போட்டுவிட்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல். இது எல்லோருக்கும் பொருந்தும்.

எங்கள் சனத்துக்கு கிளினிக் போக பஸ் காசே இல்லை. ஏன் ஆராய்ச்சிக்குக் கொடுக்கவேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கோபத்தில் கேட்கவில்லை. முல்லைத்தீவின் ஒரு கரைக் கிராமத்திலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ, கொழும்புப் பக்கம் மகரகமையில் உள்ளதற்கோ மருந்தேற்றப் போய்வருவது என்ன பாடு என்று வீட்டில் கண்டவர்கள் அவர்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் போக்குவரத்தும், கூடப் போகிறவரின் நாட்கூலியும், தங்குமிடமும் இலவசமல்ல. அந்த உதவிக்குக் கொடுக்க விரும்புகிறவர் அதற்கே கொடுக்கட்டும். அது எந்த விதத்திலும் குறைந்த தர்மமல்ல.

ஆனால் ஆராய்ச்சி என்பது எங்கேயோ வெள்ளைக்காரன் செய்யும், எங்களுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று நினைப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். உங்கள் வளவில் பூக்கிற பட்டிப்பூவைப் பாருங்கள், சிலர் நித்தியகல்யாணி என்பார்கள். அதிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1960-களிலிருந்து பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதற்கு முன்பு அந்த நோய் வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள். இன்று வசதியான நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஒரு மருந்தால் மட்டும் வந்ததல்ல இது. எந்த மருந்தை எதோடு சேர்த்து, எவ்வளவு காலம் கொடுப்பது என்று வருடக்கணக்காகச் செய்த பரீட்சார்த்தங்களால் வந்தது. அந்தப் பரீட்சார்த்தங்களுக்குக் காசு கொடுத்தவர்களில் சாதாரண சனமும் இருந்தார்கள்.

இன்னொன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டுபிடித்த ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த தடுப்பூசியைத்தான் இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையில் போடுகிறார்கள். வன்னியில் அந்த ஊசி போட்ட ஒவ்வொரு பிள்ளையும் ஆராய்ச்சியின் பயனைக் கையில் வாங்கியவள்.

அப்புறம் வெற்றிலை. இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாயில்தான். புகையிலைதான் கூடாது, வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003-இல் அறிவித்தது. ஆசிய நாடுகளில் வெற்றிலை போடுபவர்களை ஆராய்ந்ததால் தெரிந்த உண்மை அது. எங்கள் சனத்துக்கு வரும் நோயை எங்கள் சனத்திடம் ஆராயாவிட்டால் விடை வேறு யாருடைய உடம்பிலிருந்து வரும்?

எங்கள் ஊரில் இப்படி நடந்து ஓடிச் சேர்த்த காசால் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பெரிதாகவே. 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை, வன்னியையும் கடந்து, ஒரு நிதிநடை நடந்தது. அதில் சேர்ந்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்று வன்னியிலிருந்து நோயாளிகள் பலர் போவதும் அங்கேதான். 2016-இல் அதே ஆட்கள் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். வடக்குக்குத் தெற்கும் தெற்குக்கு வடக்கும் நடந்த அந்த இரண்டு நடைகளையும் நாங்கள் மரியாதையோடு நினைக்கிறோம்.

காசை எப்படிச் சேர்ப்பது? யாருடைய கணக்கில் போடுவது?

உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு சதமும் விழக்கூடாது. கொடுப்பவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போடுவது மிக நல்லது. ஊரில் கையில் காசாகத்தான் வரும் என்றால், சனசமூக நிலையம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து, குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து வைக்கும் கணக்கு திறக்கவேண்டும். இருபது ரூபாய்க்கும் ரசீது எழுதவேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு ரசீதுப் புத்தகம். ஒன்று ஆராய்ச்சிக்கு, மற்றது நோயாளிகளின் பயணச் செலவுக்கு. கொடுப்பவர் தானே தெரிவுசெய்யட்டும். ஒன்றுக்கு வந்த காசை, எவ்வளவு அவசரம் வந்தாலும், மற்றதற்கு மாற்றவேண்டாம். சப்பாத்து, ரீசேட், கொழும்புக்குப் போய்வரும் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து அல்லது அதற்கென்றே கேட்டு வாங்கியதிலிருந்து போகட்டும்.

காசு வாங்கப்போகும் இடத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: எந்த ஆய்வு, யார் செய்கிறார்கள், மருத்துவ நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, எவ்வளவு காலம், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா. இதற்குப் பதில் தராத இடத்துக்குக் கொடுக்கவேண்டாம். ஓட்டம் முடிந்ததும் வரவையும் செலவையும் வங்கிச் சீட்டோடு பொதுவில் ஒட்டுங்கள். போரின்போதும் அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் எத்தனையோ பெயரில் வன்னிக்கென்று காசு சேர்த்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர்களை இந்தச் சனம் மறக்கவில்லை.

லண்டனில் இருக்கும் தம்பி ஓட விரும்புகிறான். அவன் எப்படிச் சேரலாம்?

1981-இல் தொடங்கிய லண்டன் மரதனில் குலுக்கலில் இடம் கிடைப்பது கடினம். தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. அதில் ஓட வழக்கமாக இரண்டாயிரம் பவுண் அளவில் சேர்த்துக் கொடுக்க ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தக் காசு அந்த நிறுவனத்துக்கே போகும், வன்னிக்கு வராது. இதைக் கொடுப்பவர்களிடம் தம்பி மறைக்காமல் சொல்லவேண்டும். அவன் அங்கே ஓடும் கிழமையில் நீங்கள் இங்கே குளக்கட்டில் ஓடி, இரண்டு குடும்பமும் சேர்ந்து செய்யலாம்.

நோயாளியின் படத்தைப் போட்டால் கூடக் காசு வருமாமே?

வரும். போடவேண்டாம். முடி கொட்டிய ஒரு பிள்ளையின் படம் ஊர் முழுக்கச் சுற்றினால், அந்தப் பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போகும்போதும் அது கூடவே போகும். இறந்துபோன உங்கள் அம்மாவின் பெயரில் ஓட விரும்பினால், வீட்டில் எல்லோரும் சம்மதித்தால், பெயரை நெஞ்சில் எழுதி ஓடுங்கள்.

நடுவில் நடக்கலாமா?

நடக்கலாம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே போனால் முதல் மரதனைச் சுகமாக முடிக்கலாம். போட்டியில் எத்தனை மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதை மட்டும் முன்பே பாருங்கள்.

முடிக்க முடியாமல் போனால் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா?

இல்லை. சனம் கொடுத்தது ஆராய்ச்சிக்கு. எங்கே நின்றீர்கள் என்பதைச் சொல்லி, நன்றி சொல்லி, காசைச் சேரவேண்டிய இடத்தில் சேருங்கள்.

ஓடப்போகிறேன் என்று சொன்னதும் சனம் தங்கள் வருத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

இது கட்டாயம் நடக்கும். காசு கேட்டு ஒரு வீட்டுப் படலையில் நின்றால், வீட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்து ஒரு புண்ணைக் காட்டுவார். ஓர் அக்கா உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மார்பில் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது என்பார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பார். நீங்கள் வைத்தியர் அல்ல. பயப்படுத்தவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லவும் வேண்டாம். எங்கே போவது என்று சொல்லுங்கள்.

வாயில் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இறுக்கம் என்றால் ஆஸ்பத்திரியின் பல் கிளினிக். மார்பில் கட்டி, முலைக்காம்பில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, வருத்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பெண்களுக்கான கிளினிக்கில் கருப்பைக் கழுத்துச் சோதனையும் மார்புச் சோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். எந்த நாள் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியே போகத் தயங்குகிறவரோடு கூடப் போய்வாருங்கள். அன்றைய பயிற்சியை மறுநாள் ஓடலாம்.